ஒரு தகரக் கூரை, இரண்டு வேலை: வன்னி முன்பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், ஒட்டுசுட்டானை அடைவதற்கு முன்பே காட்டுப் பக்கமாகப் பிரியும் கிரவல் பாதையொன்றின் முடிவில் இந்த முன்பள்ளி இருக்கிறது. ஊரின் பெயரையும் தொடர்புடையவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நான் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். இந்த நிகழ்வில் தொடக்கம் முதல் உடனிருந்தேன். எடுத்த முடிவுகளில் ஒன்று தவறானது; அந்த முடிவுக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதனாலேயே இதை எழுதிவைக்கிறேன்.

கட்டடம் மீள்குடியேற்றக் காலத்தில் எழுந்தது. 9 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் வலைக்கம்பி, கூரைக்கு நாகம் பூசிய தகரம். சீலிங் கிடையாது. முகடு வடக்குத் தெற்காக ஓடுவதால் கூரையின் ஒரு சாய்வு கிழக்கையும் மற்றது மேற்கையும் பார்க்கின்றன. இந்தத் திசை விவரத்தை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அதைக் கவனிக்க ஓர் ஆண்டு ஆனது. தாழ்வாரத்தையும் சேர்த்தால் கூரை ஏறத்தாழ 70 சதுர மீற்றர் நிலத்தை மூடுகிறது.

கூரை மழைநீர் பீலி வழியாக 8,000 லீற்றர் கொள்ளும் பெரோசீமெந்துத் தாங்கிக்குப் போகிறது. பிள்ளைகளின் குடிநீர் அதுதான். ஊர்க் கிணறுகளின் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை தடித்துவிடும். சிறுநீரக நோயைப் பற்றிய அச்சமும் இந்தப் பக்கத்தில் உண்டு. ஆகவே தாய்மார் தாங்கித் தண்ணீரைப் பொன்போலக் காத்தார்கள். மூடிக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை ஆசிரியை தன்னிடமே வைத்திருந்தார்.

2023 பங்குனி: அளந்தவை

அந்தப் பங்குனியில் முன்பள்ளிக்கு 22 பிள்ளைகள் வந்தார்கள். பத்து மணிக்கு மேல் பலர் பாயில் சுருண்டு படுத்துவிடுகிறார்கள், சிலர் தலையிடி என்று அழுகிறார்கள் என்று ஆசிரியை மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னார். பொறியியல் படிக்கும் ஊர்ப் பையன் ஒருவர் தன் இறுதியாண்டு ஆய்வுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். "இந்தக் கூரையையே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி" என்று கேட்டது சங்கம்தான்.

முதல் நாள் அளவீடே ஒரு பாடமானது. அவர் துப்பாக்கி வடிவிலான அகச்சிவப்பு வெப்பமானியைக் கொண்டுவந்திருந்தார். காலை 11 மணிக்குத் தகரத்தின் உட்புறத்தை நோக்கிப் பிடித்தால் ஓரிடத்தில் 43 பாகை செல்சியஸ், அதற்கு ஒரு சாண் தள்ளித் துருப்பிடித்த இடத்தில் 58 பாகை. ஒரே தகடு, ஒரே வெயில். கருவி பழுதென்றே நான் நினைத்தேன். அவர் ஏணியில் ஏறி, பளபளப்பான இடத்தில் கறுப்பு மின்நாடாவை ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நாடாவின் மேல் பிடித்தபோது 61 காட்டியது.

காரணம் எளியது. பளபளக்கும் உலோகம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுவதில் கஞ்சத்தனம் காட்டும். கண்ணாடிபோல அறையின் கதிரைத்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்பும். கருவி தகரத்தைப் பார்க்கவில்லை, தகரத்தில் தெரிந்த எங்கள் அறையைப் பார்த்தது. தகரக் கூரையில் இந்தக் கருவியைப் பயன்படுத்துவோர் கறுப்பு நாடா ஒட்டாமல் ஓர் எண்ணைக்கூடக் குறிக்கக் கூடாது. முதலில் வந்த 43ஐ நம்பியிருந்தால், கூரையில் பெரிய குறை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

அறையின் காற்று 33.5 பாகை, வெளியே வேம்பின் நிழலிலும் ஏறத்தாழ அதே அளவு. அப்படியானால் பிள்ளைகள் ஏன் துவண்டார்கள்? காற்று வெப்பமானி அதற்குப் பதில் சொல்லாது. மேசைப்பந்து ஒன்றுக்கு மங்கலான கறுப்புப் பெயின்ற் பூசி, அதற்குள் உணரியைச் செருகி, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில் தொங்கவிட்டோம். அது 38.5 காட்டியது. காற்றோடு சேர்த்து, மேலிருந்து இறங்கும் கதிர்வீச்சையும் பந்து வாங்குகிறது. பிள்ளையின் தலையும் அதைத்தான் வாங்குகிறது. 60 பாகைச் சூட்டிலுள்ள கறுப்புப் பரப்பு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 700 வாற்று கதிர்வீசும். 40 பாகையில் அது 545 வாற்று அளவுக்கு இறங்கும். துருவும் தூசும் படிந்த தகரம் இந்தக் கறுப்புப் பரப்புக்கு நெருக்கமாகவே நடந்துகொள்கிறது.

தொடர் அளவீட்டுக்காக வைத்த கம்பியில்லாக் கருவி முதல் இரண்டு வாரம் பயன்படவில்லை. 433 மெகாஹேட்சில் வேலை செய்யும் சிறு அலைபரப்பி அது. அலைநீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். அதில் காற்பங்கு, அதாவது 17 சென்ரிமீற்றர் கம்பியே அலைவாங்கி. மேலே தகரம், சுற்றிலும் இரண்டு விரல் நுழையும் கண்களைக் கொண்ட வலைக்கம்பி. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கண்கள் மிகச் சிறியவை; அலைக்கு அது வலையாகத் தெரியாது, சுவராகவே தெரியும். 300 மீற்றர் தள்ளி ஆசிரியையின் வீட்டில் இருந்த வாங்கிக்கு அங்குமிங்கும் சில எண்கள்தான் வந்தன. கம்பியைத் தாழ்வாரத்துக்கு வெளியே, உலோகத்திலிருந்து ஒரு முழம் விலக்கி நிறுத்திய பிறகு சரியானது. அந்த இரண்டு வாரத்துக்கும் எங்களிடம் இருப்பது ஆசிரியை கொப்பியில் கையால் எழுதிய எண்கள். பின்னர் ஒப்பிட்டபோது அவை கருவியின் எண்களோடு அரைப் பாகைக்குள் நின்றன.

ஆராய்ந்த வழிகள்

முதலில் கூரைக்குத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மெகாயூல் வெப்பத்தை எடுத்துப்போகும். இதைவிட வேகமாகத் தகரத்தைக் குளிர்விக்கும் வழி எங்களிடம் இல்லை. ஒரு காலை முழுவதும் துளையிட்ட குழாயால் நனைத்தபோது தகரம் 37 பாகைக்கு இறங்கியது. செலவான நீர் 200 லீற்றர். மாதத்துக்கு 20 பள்ளி நாட்கள் என்றால் 4,000 லீற்றர், தாங்கியின் பாதி. மாதர் சங்கச் செயலாளர் வாளிகளை எண்ணிக்கொண்டு நின்றார். "ஐயா, கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர்தான் நிற்கிறது. கூரைக்கு ஊற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?" என்று கேட்டார். அந்த வழி அன்றே கைவிடப்பட்டது. ஆடி, ஆவணியில் வறட்சி வந்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று கண்டோம்.

தகரத்தின் மேல் பனையோலை வேயலாம் என்றார்கள் முதியவர்கள். ஓலை வீட்டின் குளிர்ச்சியை அறியாத வன்னியார் இல்லை. ஆனால் ஓலையில் நனைந்துவரும் மழைநீர் சாயம் இறங்கித் தாங்கிக்கு வரும், எலியும் அணிலும் குடியேறும். தண்ணீரை நினைத்து ஓலையை விலக்கிய நாங்கள், அடுத்த வழியை எடைபோடும்போது அதே கேள்வியைக் கேட்க மறந்தோம்.

வெளிச்சுவர்களுக்கான வெள்ளை அக்கிரிலிக் பெயின்ற் மூன்றாவது வழி. 2022 நெருக்கடிக்குப் பின் பெயின்ற் விலை சங்கத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எஞ்சியது சுண்ணாம்பு.

மாணவர் சுண்ணாம்பை முன்மொழிந்ததற்கு ஓர் ஆய்வுப் பின்புலம் இருந்தது. பகல் வானத்துக்கே வெப்பத்தை அனுப்பிக் குளிரும் பரப்புகள் பற்றி ஒளியணுவியல் ஆய்வாளர்கள் நீண்ட காலமாக வேலை செய்கிறார்கள். 2014இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தவர் ஹாஃப்னியம் ஒட்சைட்டையும் சிலிக்கன் ஈரொட்சைட்டையும் மாறிமாறி ஏழு நுண்படைகளாக வெள்ளியின் மேல் படியவைத்தார்கள். அது சூரிய ஒளியில் 97 வீதத்தைத் திருப்பி அனுப்பி, நேர் வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிட ஏறத்தாழ 5 பாகை குளிர்ந்து நின்றது. 8 முதல் 13 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளங்களில் வளிமண்டலம் ஒரு சாளரம்போலத் திறந்திருக்கிறது. பரப்பின் சூடு அதன் வழியாக வானுக்குப் போய்விடுகிறது. பின்னர் பர்டியூ பல்கலைக்கழகத்தவர் 2020இல் கல்சியம் காபனேற்றுத் துகள்களைக் கொண்ட வெள்ளைப் பெயின்ற்றில் 95.5 வீதமும், 2021இல் பேரியம் சல்பேற்றைக் கொண்ட பெயின்ற்றில் 98.1 வீதமும் ஒளித்தெறிப்பைக் காட்டினார்கள்.

"சுண்ணாம்பு காய்ந்தால் கல்சியம் காபனேற்றுத்தானே ஐயா" என்றார் மாணவர். நானும் தலையாட்டினேன். எங்கள் பாட்டன்மார் மாரிக்கு முன் சுவருக்கு அடித்த வெள்ளையும் ஆய்வுகூடத்து வெள்ளையும் ஒரே பொருள் என்ற எண்ணம் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் "காய்ந்தால்" என்ற சொல்லின் மேல் யாரும் நிற்கவில்லை.

புரட்டாசி: பூச்சும் முதல் வாரங்களும்

புரட்டாசி நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. எட்டுத் தாய்மாரும் நாங்கள் இருவரும். நீற்றிய சுண்ணாம்பைப் பீப்பாயில் கரைத்து, ஒட்டுவதற்காக வடிகஞ்சி சேர்த்து, தும்புத் தூரிகையால் கூரை முழுவதும் இரண்டு முறை பூசினோம். வேலை தொடங்கப் பத்து மணி ஆகிவிட்டது. தகரத்தில் தூரிகை பட்டவுடன் சுர்ரென்ற ஓசையோடு ஈரம் மறைந்து, சில நிமிடத்தில் பூச்சு வெளுத்தது. சீக்கிரம் காய்கிறது என்று மகிழ்ந்தோம்.

பலன் தெளிவாக இருந்தது. வெளி நிழலின் வெப்பமும் வானத்தின் தெளிவும் பங்குனி நாட்களோடு ஒத்திருந்த நாட்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டோம். 11 மணிக்குத் தகரத்தின் உட்புறம் 61இலிருந்து 42க்கு இறங்கியிருந்தது. கறுப்புப் பந்து 38.5இலிருந்து 34.5க்கு வந்தது. காற்று மட்டும் ஒரு பாகை அளவே குறைந்தது. வலைக்கம்பி வழியே வெளிக்காற்று தடையின்றி வந்துபோகும் கட்டடத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகள் 11 மணிக்கும் பாட்டுப் பாடுகிறார்கள் என்று ஆசிரியை கொப்பியின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

ஐப்பசி: கறுத்த தேநீர்

ஐப்பசி முற்பகுதியில் முதல் பெருமழை ஓர் இரவு முழுவதும் பெய்தது. வறட்சிக்குப் பின் வந்த மழை. தாங்கியின் அடியில் மிகச் சிறிதளவே தண்ணீர் எஞ்சியிருந்தது. மறுநாள் காலையில் உதவியாளர் அம்மா புதுத் தண்ணீரில் தேநீர் போட்டார். வழமையாகப் போடும் அளவு தேயிலைதான். குவளையில் ஊற்றியபோது செம்பழுப்பாக வரவேண்டிய வெறுந்தேநீர் மைபோலக் கறுத்து நின்றது. ஆசிரியை ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பினார். "வெற்றிலைச் சுண்ணாம்பு ருசி" என்றார். கையை நனைத்துத் தேய்த்தால் சவர்க்காரம்போல வழுக்கியது.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் தாங்கியின் குழாயை மூடி, கயிற்றால் கட்டிவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்றைக்கு அந்த அம்மா தேநீர் போடாமல் பிள்ளைகளின் போத்தல்களை நேரே நிரப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் இப்போதும் என்னை விட்டுப் போகவில்லை.

நீர் காரமா அமிலமா என்று நிறத்தால் காட்டும் மாணவரின் பி.எச். தாள் 11 என்ற நிறத்துக்கு மாறியது; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். தேநீர் கறுத்ததன் காரணமும் அதுவே: காரநீரில் தேயிலைச் சாயம் கருமையடையும், புளிப்புச் சேர்ந்தால் வெளிறும். தேசிக்காய் பிழிந்து பார்த்தோம். நிறம் உடனே வெளிறியது.

தாங்கியில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 1,500 லீற்றரையும் பள்ளி வேலிக்கு வெளியே, பயிர் இல்லாத கிரவல் நிலத்தில் திறந்துவிட்டோம். ஐந்து மாதம் ஒவ்வொரு குவளையாக அளந்து கொடுத்த தாய்மார் அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் எங்களைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ள இலகுவாக இருந்திருக்கும்.

பிழை எங்கே இருந்தது

பூசும்போது சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று அது கல்சியம் காபனேற்றாக இறுகுவதற்கு நாட்களும் வாரங்களும் வேண்டும். அந்த வேலை நடக்க ஈரமும் வேண்டும். 60 பாகைத் தகரத்தில் ஈரம் நிமிடங்களில் போய்விட்டது. கொத்தனார்கள் சுண்ணாம்படிக்கும் முன் சுவரை நனைப்பது இதற்காகத்தான். எனக்குத் தெரிந்த விடயம் அது. சுவரில் கடைப்பிடித்ததைக் கூரையில் மறந்தேன். எங்கள் பூச்சு உலர்ந்தது, இறுகவில்லை. மழை வந்ததும் ஐதரொட்சைட்டாகவே கரைந்து தாங்கிக்குப் போனது.

இன்னொன்று, சுண்ணாம்பு நுண்துளை உள்ள சுவரைப் பற்றிக்கொள்ளும். வழுவழுப்பான தகரத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. கடும் காரம் நாகத்தையும் அரிக்கும். பின்னர் பூச்சைத் தேய்த்து எடுத்தபோது தகரத்தில் திட்டுத்திட்டாக மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தது.

இவை இரசாயனத் தவறுகள். ஆறு மாதம் வெப்பத்தை நாளுக்கு மூன்று முறை அளந்த நாங்கள், அதே கூரையிலிருந்து வரப்போகும் தண்ணீரை ஒரு முறைகூடச் சோதிக்கத் திட்டமிடவில்லை என்பதுதான் பெரிய தவறு. ஒரு சிறு தகரத்துண்டில் பூசி, ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, ஒரு பி.எச். தாளை நனைத்திருந்தால் போதும்.

கூரையைப் பிரித்த முடிவு

உடனடியாகப் பீலியின் இறங்குகுழாயைத் தாங்கியிலிருந்து கழற்றினோம். அடுத்த மழைகளில் தென்னந்தும்பால் கூரையைத் தேய்த்தோம். ஒவ்வொரு மழைக்கும் பீலி நீரைச் சோதித்து, மூன்று மழைகள் தொடர்ந்து தாள் 7ஐ ஒட்டி நின்ற பிறகே தாங்கியைக் கழுவி மீண்டும் இணைத்தோம். அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. அதுவரை பிள்ளைகள் வீட்டிலிருந்து கொதித்தாறிய நீர் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு தாமதித்தும் மார்கழியில் தாங்கி நிரம்பி வழிந்தது. அந்த வழிந்த நீர்தான் கணக்கைத் திருப்பிப் போட்டது. 70 சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை 70 லீற்றர். சிந்துவதும் ஆவியாவதும் போக 55 லீற்றர் என்று வைத்தால் 145 மில்லிமீற்றரில் தாங்கி நிரம்பிவிடும். கூரையின் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 290 மில்லிமீற்றர் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வன்னியில் சாதாரண ஆண்டில் அதைவிட நன்றாகவே பெய்கிறது. எங்கள் சேமிப்பைக் கட்டுப்படுத்தியது தாங்கியின் கொள்ளளவு. கூரையின் பரப்பு அல்ல. பாதிக் கூரையின் நீர் எப்படியும் வீணாகவே வழிந்துகொண்டிருந்தது.

ஆகவே ஒரு சாய்வைக் குளிர்ச்சிக்கும் மற்றதைத் தண்ணீருக்கும் ஒதுக்கலாம் என்றேன். எந்தச் சாய்வை வெள்ளையடிப்பது? மாலை வெயில்தான் கொடியது, மேற்கையே அடிப்போம் என்பது என் எண்ணம். ஆசிரியை திருத்தினார்: "ஐயா, பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு முன்னரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாலை வெயிலில் இங்கே யார் இருக்கிறார்கள்?" கிழக்குச் சாய்வு வெள்ளைக்கு, மேற்குச் சாய்வு தாங்கிக்கு என்று முடிவாயிற்று. பாதிக் கூரை என்றதும் பெயின்ற் செலவும் பாதியானது. சங்கத்தால் அதைத் தாங்க முடிந்தது.

2024: பின்விளைவு

2024 மாசியில் கிழக்குச் சாய்வைக் கழுவி, உலோகத்துக்குரிய அடிப்பூச்சு கொடுத்து, ஈயம் சேராத வெள்ளை அக்கிரிலிக்கை அதிகாலையில், தகரம் குளிர்ந்திருக்கும்போதே பூசினோம். அந்தப் பக்கப் பீலி இப்போது வாழைப்பாத்திக்குப் போகிறது. மேற்குப் பீலிக்கும் தாங்கிக்கும் இடையே 40 லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்றைப் பொருத்தினோம். 35 சதுர மீற்றரில் விழும் முதல் ஒரு மில்லிமீற்றர் மழை, அதாவது தூசும் பறவை எச்சமும் கலந்த முதல் 35 லீற்றர், அதில் நின்றுவிடும். அது நிரம்பிய பிறகே தாங்கிக்கு நீர் போகும்.

அந்தப் பங்குனியில் 11 மணிக்குக் கிழக்குத் தகரம் 43, மேற்குத் தகரம் 60. கறுப்புப் பந்து கிழக்குப் பக்கம் 35.5, மேற்குப் பக்கம் 37. முழுக் கூரைக்கும் சுண்ணாம்பு அடித்தபோது கிடைத்த 34.5 கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்பதரை, பத்து மணி அளவில், சூரியன் கிழக்கில் சாய்ந்திருக்கும்போது பலன் கூடுதல். உச்சியை நெருங்க நெருங்க மேற்குத் தகரமும் காய்ந்து அந்த நன்மையைக் குறைக்கிறது. ஆசிரியை அதற்கேற்பப் பத்து மணிக்கு மேல் பாய்களைக் கிழக்குப் பக்கமாக விரிக்கிறார்.

சோளகக் காலத்துப் புழுதி வெள்ளையைச் செம்மண் நிறமாக்கியது. ஆவணியில் கிழக்குத் தகரம் 47 வரை ஏறியது. மழைக்குப் பின் மீண்டும் இறங்கியது. வறட்சியில் கூரை கழுவத் தண்ணீர் கேட்பதில்லை என்பது சங்கத்தின் தீர்மானம். அது சரியானதென்றே நானும் கருதுகிறேன். அந்த ஆண்டு மாரியில் தாங்கி மேற்குச் சாய்வின் நீரால் மட்டும் நிரம்பியது.

இனிச் செய்வதானால்

கூரையில் எதைப் பூசுவதற்கு முன்பும் ஒரு துண்டுத் தகரத்தில் பூசி, மூன்று வாரம் வெயிலில் விட்டு, வழியும் நீரைச் சோதிப்போம். மாரிக்கு ஒரு மாதம் முன்பாகப் பூசமாட்டோம். மாசியில் பூசினால் கோளாறு தெரியவரும்போது திருத்தக் காலம் இருக்கும். முதல் நாளிலேயே ஆசிரியையிடம் நேர அட்டவணையைக் கேட்போம். ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்போம். ஆனால் வளிமண்டலச் சாளரம் ஈரப்பதனால் பெரிதும் மூடிக்கொள்ளும் எங்கள் மாரிக்கால வானத்தில், வறண்ட நாட்டு எண்களை அப்படியே எதிர்பார்க்கமாட்டோம்.

மேற்குச் சாய்வின் கீழ், தகரத்துக்கு ஒரு சாண் இறக்கிப் பனையோலைப் பாயைச் சீலிங்காகக் கட்டிப் பார்ப்பது அடுத்த வேலை. பாய் கூரைக்குள் இருப்பதால் தண்ணீரைத் தொடாது. எலி, கறையான் பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது. உதவியாளர் அம்மா இரண்டு பாய்களை இழைத்துத் தந்துவிட்டார். ஒன்றை முன்பள்ளிக்குப் பின்னாலுள்ள விறகுக் கொட்டிலில் கட்டியிருக்கிறோம். ஆசிரியை வாரம் ஒரு முறை அதைப் பார்த்துக் கொப்பியில் குறித்துவருகிறார்.